கல்விக்கூடங்கள் எழுப்பிய காற்றாலைகள்

முன்னுரை

ஒரு கல்லூரியின் விடுதி விளக்குகளும் ஆய்வகக் கருவிகளும் நீரேற்றும் மோட்டார்களும் இயங்குவதற்கு வேண்டிய மின்சாரம் எங்கிருந்து, எந்த எரிபொருளால், யாருடைய முடிவின்படி வருகிறது என்னும் வினா, நெடுங்காலமாகப் பாடத்திட்டத்துக்கு வெளியே, அலுவலகக் கோப்புகளுக்குள்ளேயே கிடந்து வந்திருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் போலத் தீர்ந்துபோகாமல், காற்று, கதிரவன் முதலிய இயற்கை ஓட்டங்களிலிருந்து மீண்டும் மீண்டும் பெறத்தக்க ஆற்றலே புதுப்பிக்கத்தக்க ஆற்றல் எனப்படும். அவ்வாற்றலின் பக்கம் தம் கல்விக்கூடத்தைத் திருப்புவதில் மாணவர்கள் பங்குகொண்ட வரலாறு, பலரும் எண்ணுவதைவிடப் பழமையானது. டென்மார்க்கின் ஆஸ்கோவ், ட்வின்ட் ஆகிய இரு கல்விக்கூடங்களையும், அவற்றுக்குப் பின்வந்த அமெரிக்கப் பல்கலைக்கழக முயற்சிகள் சிலவற்றையும் சான்றாகக் கொண்டு, அவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றை இச்சொற்பொழிவு ஆராய்கிறது.

இத்தகைய முயற்சிகள் அனைத்தின் அடியிலும் ஒரு முரண் உள்ளது. மாணவர் ஒருவர் கல்லூரியில் தங்கும் காலம் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள். காற்றாலை ஒன்றின் பணிக்காலமோ ஏறத்தாழ இருபது ஆண்டுகள். முடிவெடுத்து உழைக்கும் அணி அதன் முழுப் பயனையும் காண்பதற்குள் வெளியேறிவிடுகிறது. பயனைத் துய்க்கும் அணி அம்முடிவில் பங்கு கொண்டதில்லை. ஆகவே, மாணவரின் ஆர்வம் எவ்வளவு தூயதாயினும், அது மட்டுமே ஒரு வளாகத்தின் மின்சாரத்தை மாற்றிவிடுவதில்லை. அவ்வார்வம், அவர்கள் சென்ற பின்னும் நிலைத்து நிற்கும் ஒன்றாக, அதாவது பயிற்சி பெற்ற மனிதராகவோ, பலரும் கையாளத்தக்க நுட்பமாகவோ, அடுத்து வருவோரையும் கட்டுப்படுத்தும் விதியாகவோ உருமாறும் இடத்தில்தான் மாற்றம் வேர்கொள்கிறது என்பதே இச்சொற்பொழிவின் துணிபு.

1. ஆஸ்கோவ்: காற்றால் ஒளிபெற்ற பள்ளி

டென்மார்க்கின் மக்கள் உயர்பள்ளிகள் என்னும் கல்வி மரபு, சமயச் சிந்தனையாளரும் கவிஞருமான கிரண்ட்விக் (1783–1872) வகுத்த கருத்துகளிலிருந்து தோன்றியது. உழவர் குடும்பங்களின் இளைஞர் சில மாதங்கள் ஒன்றாகத் தங்கிப் பயில வேண்டும், தேர்வும் பட்டமும் அக்கல்வியின் நோக்கம் ஆகலாகாது, கற்றது ஊர் வாழ்வுக்குத் திரும்பப் பயன்பட வேண்டும் என்பன அம்மரபின் கொள்கைகள். 1844இல் ரோடிங் என்னும் ஊரில் முதல் பள்ளி தொடங்கியது. 1864ஆம் ஆண்டுப் போரில் அப்பகுதி டென்மார்க்கின் கையை விட்டுப் போனபோது, பள்ளி புதிய எல்லைக்கு வடக்கே இடம்பெயர்ந்து, 1865 முதல் ஆஸ்கோவில் இயங்கத் தொடங்கியது.

வானிலை அறிவியலிலும் தந்தித் தொழில்நுட்பத்திலும் பெயர் பெற்றிருந்த போல் லா கூர் (1846–1908), நகரத்துப் பதவியை விட்டு 1878இல் இப்பள்ளிக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார். மின்சாரம் நகரங்களுக்கு மட்டும் உரியதாகி, சிற்றூர்கள் இருளில் தங்கிவிட்டால், இளைஞர் ஊரை விட்டு நீங்குவர் என்னும் கவலை அவரைக் காற்றின் பக்கம் திருப்பியது. 1891இல், அரசு நல்கிய உதவியுடன், பள்ளி வளாகத்திலேயே ஆய்வுக் காற்றாலை ஒன்றை எழுப்பி, அதனால் மின்னாக்கியை, அதாவது சுழற்சியை மின்சாரமாக மாற்றும் எந்திரத்தை, இயக்கத் தொடங்கினார்.

காற்றிலிருந்து மின்சாரம் எடுப்போர் எல்லாரையும் இன்றுவரை எதிர்கொள்ளும் இரு இடர்களை அவர் அப்போதே எதிர்கொண்டார். காற்றின் விசை நொடிக்கு நொடி மாறுவதால் மின்னாக்கியின் சுழற்சியும் தடுமாறுவது முதல் இடர். உருளைகளும் எடைகளும் கொண்டு சுழற்சியைச் சீராக்கும் கிராட்டோஸ்டாட் என்னும் கருவியை அவர் அதற்கென உருவாக்கினார். காற்று வீசும் நேரமும் விளக்கு வேண்டும் நேரமும் ஒத்துப்போகாமை இரண்டாவது இடர். அதற்கு அவர் கண்ட தீர்வு, கிடைத்த மின்சாரத்தை நீரில் செலுத்தி அதனை ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிப்பது, அதாவது மின்னாற்பகுப்பு. அவ்வாறு பெற்ற வாயுவைக் கலத்தில் சேர்த்துவைத்து, 1895 முதல் 1902 வரை பள்ளியின் விளக்குகளை எரித்தனர். காற்றாற்றலை ஹைட்ரஜனாகச் சேமிப்பது இன்று எதிர்காலத் தொழில்நுட்பமாகப் பேசப்படுகிறது. ஒரு சிற்றூர்ப் பள்ளி நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே அதன் ஒளியில் பாடம் படித்தது. வாயு வெடித்துச் சாளரங்கள் நொறுங்கிய நிகழ்வுகளும் உண்டு. அவற்றுக்குப் பின்னும் ஆய்வு நின்றுவிடவில்லை.

செயற்கையாகக் காற்றைச் செலுத்தும் குழாய்களில் மாதிரி இறக்கைகளை வைத்துச் சோதித்த லா கூர், மெதுவாகச் சுழலும் பல இறக்கைகளைவிட விரைந்து சுழலும் சில இறக்கைகளே மின்னாக்கத்துக்கு உகந்தவை என்னும் முடிவுக்கு வந்தார். இன்று உலகெங்கும் காணும் காற்றாலைகளின் வடிவம் அம்முடிவுக்குக் கடன்பட்டது. எனினும், ஆஸ்கோவின் ஆகப் பெரிய விளைச்சல் எந்திரம் அன்று; மனிதர். 1903இல் டேனியக் காற்று மின்சாரச் சங்கம் அமைக்கப்பட்டதை அடுத்து, 1904 முதல் சிற்றூர் மின்பணியாளருக்கான பயிற்சி வகுப்புகள் ஆஸ்கோவில் நடந்தன. அங்குப் பயின்ற இளைஞர், கம்பி இழுக்கவும் மின்கலங்களைப் பேணவும் மின்னாக்கியைப் பழுதுபார்க்கவும் கற்றுக்கொண்டு, ஊர்களின் சிறு மின்நிலையங்களுக்குப் பொறுப்பேற்றனர். 1918ஆம் ஆண்டளவில் டென்மார்க்கில் ஏறத்தாழ 120 ஊர் மின்நிலையங்கள் காற்றாலைகளைக் கொண்டிருந்தன. அவற்றுள் ஒவ்வொன்றின் திறனும் 20 முதல் 35 கிலோவாட். நாட்டின் மின் நுகர்வில் சுமார் மூன்று விழுக்காட்டை அவை ஈந்தன.

2. ஒரு மாணவரின் ஐம்பது ஆண்டுகள்

1904ஆம் ஆண்டு வகுப்பில் பயின்ற இளைஞருள் யொஹான்னஸ் யூல் ஒருவர். அப்போது அவர் பதின்ம வயதைத் தாண்டாதவர். பின்னர் மின்துறையிலேயே வாழ்நாளைச் செலவிட்ட அவர், இரண்டாம் உலகப் போருக்குப் பின், எரிபொருள் தட்டுப்பாட்டின் நினைவு ஆறாதிருந்த காலத்தில், தம் இளமையில் கற்ற காற்று மின்சாரத்துக்குத் திரும்பினார். 1957இல் டென்மார்க்கின் தென்கோடியில் கெட்சர் என்னும் இடத்தில் அவர் அமைத்த 200 கிலோவாட் காற்றாலை, 24 மீட்டர் விட்டத்தில் சுழலும் மூன்று இறக்கைகளைக் கொண்டிருந்தது.

அதன் நுட்பங்கள் இரண்டு தனியே குறிப்பிடத்தக்கவை. ஒன்று, மின்வலையோடு, அதாவது ஊர்களையும் நிலையங்களையும் இணைக்கும் பொதுக் கம்பியமைப்போடு, நேரே இணைந்து அதன் அதிர்வெண்ணாலேயே தன் வேகத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் தூண்டல் மின்னாக்கி. மற்றொன்று, புயலில் காற்றாலை கட்டுமீறிச் சுழலுமாயின் இறக்கையின் நுனிகள் திரும்பித் தடுப்பாக நிற்கும் அமைப்பு. பெரும் பழுதின்றிச் சுமார் பத்தாண்டுகள் ஓடி 1967இல் அது நிறுத்தப்பட்டது. எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலத்தில் அதனைத் தொடர ஆதரவு இல்லை. ஆயினும், எழுபதுகளில் மீண்டும் காற்றைத் தேடியவர்களுக்குக் கெட்சர் காற்றாலையே முன்மாதிரியாயிற்று.

ஆஸ்கோவ் வகுப்பறைக்கும் கெட்சர் காற்றாலைக்கும் இடையே 53 ஆண்டுகள் உள்ளன. ஒரு பள்ளி தன் வளாகத்தில் செய்த ஆய்வின் பலனை, அவ்வாண்டு எத்தனை விளக்குகள் எரிந்தன என்று மட்டும் அளந்திருந்தால், யூலின் உள்ளத்தில் இறங்கிய விதை கணக்கில் வந்திராது. மாணவர் விரைவில் வெளியேறிவிடுவர் என்பதையே குறையாகக் கூறுவோர், அவர்கள் வெளியேறும்போது எடுத்துச் செல்வதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

3. ட்வின்ட்: மாணவர் கையால் எழுந்த மின்நிலையம்

1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடி டென்மார்க்கைப் போலச் சில நாடுகளையே அவ்வளவு கடுமையாகத் தாக்கியது. அந்நாடு தன் ஆற்றல் தேவையில் பத்தில் ஒன்பது பங்களவுக்கு இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. மின் நிறுவனங்கள் அணுமின் நிலையங்களை மாற்றாக முன்வைத்தன; 1974இல் தொடங்கிய மக்கள் இயக்கம் அதனை எதிர்த்தது. அணுமின்சாரம் வேண்டாமெனில் வேறு எது என்னும் வினாவுக்கு, சொல்லால் அல்லாமல் செயலால் விடை தர முற்பட்டது, மேற்கு ஜட்லாந்தில் உல்ஃப்போர்க் ஊருக்கு அருகே, ட்வின்ட் என்னும் பண்ணை நிலத்தில் அமைந்திருந்த கல்விக்கூடத் தொகுதி. மக்கள் உயர்பள்ளி ஒன்றும், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றும், இளையோர் பள்ளியும் அங்கு ஒரே வளாகத்தில் இயங்கின.

தம் வளாகத்துக்கு வேண்டிய மின்சாரத்தையும் வெப்பத்தையும் காற்றிலிருந்து பெறுவது என ஆசிரியரும் மாணவரும் முடிவு செய்து, 1975ஆம் ஆண்டு மே 29 அன்று பணியைத் தொடங்கினர். மூன்று ஆண்டுகள் நீண்ட அப்பணியில், ஆசிரியர், மாணவர், வெளியிலிருந்து வந்த தன்னார்வலர் என ஏறத்தாழ 400 பேர் பங்கேற்றனர். செலவு, ஆசிரியர்கள் தம் ஊதியத்திலிருந்து சேர்த்த பொது நிதியால் ஈடுசெய்யப்பட்டது. 1978 மார்ச் 26 அன்று காற்றாலை இயங்கத் தொடங்கியபோது, 53 மீட்டர் உயரக் காங்கிரீட் கோபுரத்தின் மேல், ஒவ்வொன்றும் 27 மீட்டர் நீளமுள்ள மூன்று இறக்கைகளோடு சுழன்ற அது, அக்கால உலகின் மிகப் பெரிய காற்றாலைகளுள் முதலிடம் பெற்றது. இரண்டு மெகாவாட் திறனுக்கு வடிவமைக்கப்பட்ட அதனை, பாதுகாப்புக் கருதி அதன் பாதியளவிலேயே இயக்கினர்.

இவ்வளவு பெரிய காற்றாலையை எழுப்புவதில் உள்ள அருமையை உணர, காற்றாற்றலின் இரு விதிகளை அறிதல் போதும். இறக்கைகள் சுழலும்போது வரையும் வட்டத்தின் பரப்பு எவ்வளவோ, அவ்வளவுக்குக் காற்று அகப்படும். 54 மீட்டர் விட்டமெனில் அப்பரப்பு ஏறத்தாழ 2,290 சதுர மீட்டர். காற்றின் வேகம் இரு மடங்கானால், அதிலுள்ள ஆற்றல் இரு மடங்கன்று, எட்டு மடங்காகும். ஏனெனில் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. எனவே, மென்காற்றில் நன்கு சுழலும் இறக்கை புயலில் முறியாமலும் நிற்க வேண்டும். பெரிய காற்றாலைகள் பல தோற்றது இவ்விடத்தில்தான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1941இல் நிறுவப்பட்ட 1.25 மெகாவாட் காற்றாலை 1945இல் இறக்கை முறிந்து வீழ்ந்தது. மேற்கு ஜெர்மனியில் அரசு நிதியோடும் பெருநிறுவனங்களின் பங்கேற்போடும் 1983இல் இயங்கத் தொடங்கிய குரோவியான் என்னும் மூன்று மெகாவாட் காற்றாலை, சில நூறு மணி நேரமே ஓடி, பத்தாண்டு முடிவதற்குள் அகற்றப்பட்டது. ட்வின்ட் காற்றாலையோ, 1993இல் இறக்கைகள் மாற்றப்பட்டு, நாற்பதாண்டுகளைக் கடந்தும் இயங்கியது.

இவ்வெற்றியைத் தற்செயல் எனத் தள்ளிவிட இயலாது. கட்டியவர்களே அதனை இயக்கவும் போகிறவர்கள் என்பதால், எங்கெல்லாம் ஐயம் எழுந்ததோ அங்கெல்லாம் அவர்கள் வலிமையை மிகுதியாக வைத்தனர். திறனைக் குறைத்து ஓட்டவும் தயங்கவில்லை. வேறு தொழில்களில் பயன்பட்டுக் கழிந்த எந்திர பாகங்களைத் தேடிப் பெற்றுச் செலவைக் குறைத்தனர். அறியாதவற்றுக்கு வல்லுநரை நாடினர். இறக்கையின் அடிப்பகுதியை, இறக்கைகள் கூடும் நடுக்குடத்தோடு பிணைப்பது எல்லாவற்றிலும் கடினமானது. அதற்கு ஜெர்மானியக் காற்றாலை முன்னோடியான உல்ரிக் ஹூட்டரின் முறையைக் கையாண்டனர். கண்ணாடியிழைக் கற்றைகளை எஃகு வளையங்களைச் சுற்றி மடித்து மீண்டும் இறக்கைக்குள்ளேயே செலுத்திப் பிசினால் இறுக்குவது அம்முறை. இறக்கையை இழுக்கும் விசை முழுவதையும் இழைகளே தாங்கிக்கொள்ளும். முன்பின் அறியாத அவ்வேலையை இளைஞர் கைகளால் செய்து கற்றனர்.

காற்றாலையின் வேகம் மாறுவதற்கேற்ப மாறும் மின்சாரத்தை, முதலில் நேர்மின்னோட்டமாகவும் பின்னர் மின்வலைக்குரிய மாறுமின்னோட்டமாகவும் ஆக்கும் மின்னணு அமைப்பை அவர்கள் பொருத்தினர். வலையில் செலுத்தியது போக எஞ்சிய மின்சாரம் நீரைச் சூடாக்கிக் குளிர்காலத்தில் கட்டடங்களை வெதுவெதுப்பாக வைத்தது. மாறும் வேகத்தில் சுழன்று மின்னணு வழியே வலையோடு இணையும் இம்முறை, இன்றைய பெருங்காற்றாலைகளில் பொது வழக்காகிவிட்டது.

4. நுட்பம் பரவிய வழி

ட்வின்ட் காற்றாலையின் பயன், அவ்வளாகத்தின் மின்கட்டணத்தோடு முடிந்துவிடவில்லை. கட்டுமானம் நடந்த காலத்திலேயே பார்வையாளருக்கு வாயில் திறந்திருந்தது. வரைபடங்களும் அனுபவங்களும் கேட்டோருக்கெல்லாம் வழங்கப்பட்டன. கண்ணாடியிழை இறக்கை செய்யும் முறை அங்கிருந்து சிறு பட்டறைக்காரர்களிடம் சென்றது. தச்சரும் கொல்லரும் உழவுக் கருவி செய்வோருமாக இருந்த அவர்கள், கெட்சர் காற்றாலையின் அமைப்பையும் புதிய இறக்கை நுட்பத்தையும் இணைத்துச் சிறு காற்றாலைகளைச் செய்து விற்கத் தொடங்கினர். 1978இல் ரிசோ ஆய்வுக்கூடத்தில் காற்றாலைச் சோதனை நிலையம் அமைந்தது; 1979இல் அரசு காற்றாலை முதலீட்டில் முப்பது விழுக்காட்டை மானியமாக வழங்கத் தொடங்கியது; 1985இல் நாடாளுமன்றம் அணுமின் நிலையங்களைத் தன் ஆற்றல் திட்டத்திலிருந்தே நீக்கியது. இன்று டென்மார்க்கின் மின் நுகர்வில் ஏறத்தாழ பாதி காற்றிலிருந்து வருகிறது. இவ்வளர்ச்சி முழுவதையும் ஒரு கல்விக்கூடத்தின் சாதனையாகக் கூறுதல் பொருந்தாது. ஆனால், செய்ய முடியுமா என்று நாடே ஐயுற்றிருந்த வேளையில், செய்து காட்டிய சான்று அக்கல்விக்கூடத்தில் நின்றது.

ட்வின்ட் அமைப்பின் பிற்கால வரலாற்றையும் மறைத்தல் ஆகாது. அதன் நிதிப் பயன்பாடும் தலைமை முறையும் கடும் விவாதத்துக்கு உள்ளாயின. 1996இல் டென்மார்க் நாடாளுமன்றம் அவ்வமைப்பின் பள்ளிகளுக்கு அரசு நிதியை நிறுத்தச் சட்டம் இயற்றியது. அது நீதிமன்றத்தின் பணியை நாடாளுமன்றம் கையிலெடுப்பதாகும் எனக் கண்டு 1999இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதெனத் தீர்த்தது. இவ்விவாதங்கள் காற்றாலையின் பொறியியல் மதிப்பைக் குறைப்பதில்லை. ஆயினும், கூட்டு உழைப்பால் எழும் பொதுச் சொத்துக்கு, எந்திரத்தின் உறுதியைப் போலவே கணக்கின் வெளிப்படைத்தன்மையும் இன்றியமையாதது என்பதை அவை நினைவூட்டுகின்றன.

5. அமெரிக்க வளாகங்கள்: வாக்கும் கட்டணமும் விதியும்

புத்தாயிரம் பிறந்தபோது அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் மேற்கொண்ட வழி வேறு. மின்வலை எங்கும் பரவி, மின்சாரம் வாங்கத்தக்க பண்டமாகிவிட்ட சூழலில், அவர்கள் தம் கையிலிருந்த இரு கருவிகளைப் பயன்படுத்தினர்: மாணவர் பேரவைத் தேர்தலின் வாக்கு, மாணவர் கட்டணம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாக மாணவர், 2000ஆம் ஆண்டில், காற்று மின்சாரம் வாங்குவதற்காக ஒவ்வொரு பருவத்துக்கும் தலைக்கு ஒரு டாலர் கூடுதல் கட்டணத்தைத் தாமே தமக்கு விதித்துக்கொள்ளப் பெரும்பான்மையாக வாக்களித்தனர். ஒரு டாலர் சிறு தொகையே; ஆனால், 25,000 மாணவர் பயிலும் பல்கலைக்கழகத்தில், ஆண்டுக்கு இரு பருவமெனக் கொண்டால், அது 50,000 டாலராகிறது. அத்தொகையைவிடப் பெரியது அதன் தன்மை: நன்கொடை கொடுப்பவர் விருப்பத்தோடு முடிந்துவிடுகிறது, வாக்கால் விதியாக்கப்பட்ட கட்டணமோ, வாக்களித்தவர் பட்டம் பெற்றுச் சென்ற பின்னும், அடுத்து வருவோரிடமிருந்து தொடர்ந்து திரள்கிறது. குறுகிய கல்விக்காலத்துக்கும் நீண்ட முதலீட்டுக்கும் இடையிலான பள்ளத்தை இவ்வேற்பாடு ஓரளவு நிரப்பிற்று.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவர் மேற்கொண்ட இயக்கம் இன்னொரு படி மேலே சென்றது. பல வளாகங்களின் மாணவர் ஒன்றுசேர்ந்து கோரிக்கைகளையும் கையெழுத்துகளையும் திரட்டி, ஆட்சிக்குழுக் கூட்டங்களில் வாதாடியதன் பயனாக, 2003 ஜூலையில் அப்பல்கலைக்கழக ஆட்சிக்குழு, எல்லா வளாகங்களுக்கும் பொருந்தும் பசுமைக் கட்டடம், தூய ஆற்றல் பற்றிய கொள்கையை ஏற்றது. பின்னர் சாண்டா பார்பரா, பெர்க்லி முதலிய வளாகங்களின் மாணவர், தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டணத்தால் பசுமை நிதியங்களை அமைத்து, அந்நிதியைப் பகிர்ந்தளிக்கும் குழுக்களில் மாணவருக்கும் இடம் பெற்றனர்.

இவ்வழியில் ஒரு நுண்ணிய சிக்கல் உண்டு. மின்வலையில் கலந்த மின்சாரத்தில் காற்றின் அலகு எது, நிலக்கரியின் அலகு எது எனப் பிரித்தறிய இயலாது. ஆகவே, புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து ஆயிரம் யூனிட் உற்பத்தியானதற்குச் சான்றாக ஓர் ஆவணம் வழங்கப்படுகிறது; அதனைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழ் என்பர். அச்சான்றிதழை வாங்கியவரே அந்த ஆயிரம் யூனிட்டின் பசுமைக்கு உரிமை கோரலாம். அமெரிக்க வளாகங்கள் பல தம் மின்சாரம் முழுவதும் புதுப்பிக்கத்தக்கது என அறிவித்தது இச்சான்றிதழ்களின் அடிப்படையில்தான். வாங்கிய பணம் புதிய காற்றாலை ஒன்றை எழுப்பத் துணைசெய்தால் சான்றிதழ் பொருளுடையது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த காற்றாலையின் சான்றிதழ் கைமாறுவது மட்டுமே எனில், புகைபோக்கியிலிருந்து எழும் புகை சிறிதும் குறைவதில்லை. இவ்வேறுபாட்டை ஆராய்ந்து கேட்கும் மாணவர், வளாகத்துக்கு வாக்கை மட்டுமன்றி நேர்மையையும் வழங்குகின்றனர்.

மினசோட்டா மாநிலத்தின் நார்த்ஃபீல்ட் என்னும் சிறுநகரிலுள்ள இரு கல்லூரிகள் இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்துகின்றன. கார்ல்டன் கல்லூரி 2004இல் 1.65 மெகாவாட் காற்றாலையை நிறுவி, அமெரிக்கக் கல்லூரிகளுள் தனக்கே உரிய முழு அளவுக் காற்றாலையை முதலில் பெற்றதாக அறியப்பட்டது. அதன் மின்சாரம் ஒப்பந்தப்படி மின் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதே நகரின் செயின்ட் ஓலாஃப் கல்லூரி 2006இல் அதே திறனுள்ள காற்றாலையை நிறுவி, அதனைத் தன் வளாகக் கம்பிகளோடு நேரே இணைத்து, தன் மின் தேவையில் மூன்றில் ஒரு பங்கைப் பெற்றது. முன்னதில் மின்சாரம் பொது வலைக்குச் சென்று ஊருக்கெல்லாம் பயன்பட்டது. பின்னதில் காற்று வீசும்போது மீட்டரின் ஓட்டம் தளர்வதை அங்குள்ளோரே அளந்தறிய முடிந்தது. இரண்டும் நன்மையே, எனினும், கற்பித்தலின் கண்ணோட்டத்தில், தான் பயன்படுத்தும் மின்சாரத்தின் பிறப்பிடத்தை மாணவர் நாள்தோறும் அளந்தறியத்தக்க இரண்டாவது முறையே சிறந்தது. அவ்விரு காற்றாலைகளும் டேனிய வடிவமைப்பில் வந்தவை என்பதும் எண்ணத்தக்கது.

6. தமிழகத்தோடு உள்ள தொடர்பு

டென்மார்க்கின் இம்மரபு தமிழகத்தையும் தொட்டுள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து விரையும் முப்பந்தல் பகுதியிலும், தூத்துக்குடி மாவட்டத்தின் கயத்தாற்றிலும், எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் எழுந்த மாதிரிக் காற்றாலைப் பண்ணைகளுக்கு டேனிய அரசின் வளர்ச்சி உதவி கிடைத்தது. 1998இல் சென்னையில் தொடங்கிய காற்றாற்றல் தொழில்நுட்ப மையம், அதாவது இன்றைய தேசியக் காற்றாற்றல் நிறுவனம், கயத்தாற்றில் அமைத்த சோதனை நிலையமும் டேனியத் தொழில்நுட்பத் துணையோடு உருவானதே. ஆஸ்கோவில் மாதிரி இறக்கைகளைக் காற்றுக்குழாயில் வைத்து அளந்த பழக்கம், நூறாண்டு கடந்து, பாண்டி நாட்டுச் செம்மண்ணில் காற்றாலைகளை அளக்கும் பழக்கமாகத் தொடர்கிறது.

ஆனால், டென்மார்க்கிலிருந்து இங்கு வந்து சேர்ந்தது எந்திரமும் அளவை முறையும். பள்ளி வளாகத்தில் மாணவரும் ஆசிரியரும் கூடி முடிவெடுத்து உழைத்த மரபு அவற்றோடு வந்து சேரவில்லை. தமிழகக் கல்லூரிகளின் கூரைகளில் இன்று சூரிய மின்தகடுகள் பெருகி வருகின்றன. வகுப்புகளும் ஆய்வகங்களும் இயங்கும் பகல் நேரத்திலேயே கதிரவன் மின்சாரமும் கிடைப்பதால், கல்லூரி வளாகத்துக்கு அது இயல்பாகவே பொருந்துகிறது. எனினும், ஒப்பந்ததாரர் பொருத்திச் சென்ற தகடுகளின் அடியில் அமர்ந்து பாடம் கேட்கும் மாணவர், அத்தகடுகள் அன்று எத்தனை யூனிட் தந்தன என்பதை அறியாதிருந்தால், கல்லூரியின் மின்சாரம் மாறியிருக்கும், கல்வி மாறியிராது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கல்விக்கூடத்தின் மின்சாரம் பாடப்பொருளாக வேண்டும் என்பது. மாத மின்கட்டணப் பட்டியல், ஒவ்வொரு கட்டடத்தின் நுகர்வு, உச்சத் தேவை எழும் நேரம், தகடுகளின் அன்றாட உற்பத்தி ஆகியவை மாணவர் முன் திறந்து வைக்கப்பட்டால், இயற்பியல், பொருளியல், கணக்கியல் ஆகிய மூன்று துறைகளும் ஒரே இடத்தில் சந்திக்கும் பயிற்சிக்களம் செலவின்றிக் கிடைக்கும். லா கூரின் வகுப்பறைக்கும் இத்தகைய பயிற்சிக்களத்துக்கும் நோக்கத்தில் வேறுபாடு இல்லை.

இரண்டாவது, முடிவெடுக்கும் பொறுப்பில் மாணவருக்கு நிலையான இடம் வேண்டும் என்பது. விழா நாளில் உறுதிமொழி ஏற்பதும் சுவரொட்டி எழுதுவதும் விழிப்புணர்வுக்கு உதவலாம். ஆனால், நிதிக்குழுவில் இருக்கையும் ஒப்பந்தத்தைப் படித்துக் கேள்வி கேட்கும் உரிமையும் இல்லாத இடத்தில் அவை ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கி ஆண்டுதோறும் மறையும். போல்டர் மாணவரின் ஒரு டாலரும் கலிபோர்னியாவின் கொள்கைத் தீர்மானமும் நிலைத்தமைக்குக் காரணம், அவை விதியாக எழுதப்பட்டமையே. அவ்விதியோடு பொதுக் கணக்கும் சேர்ந்தே இருத்தல் வேண்டும். ட்வின்ட் வரலாறு அதற்குப் போதிய எச்சரிக்கை.

மூன்றாவது, பெற்ற அறிவைப் பிறரோடு பகிர்தல். ஒரு கல்லூரி எந்தத் தகட்டை வாங்கியது, எவ்வளவு செலவிட்டது, எங்கே பிழைபட்டது, எத்தனை ஆண்டுகளில் முதலீடு திரும்பியது என்பனவற்றை வெளியிட்டால், பக்கத்து ஊர்க் கல்லூரி அதே பிழையை மீண்டும் செய்யாது. ட்வின்ட் தன் வரைபடங்களைப் பூட்டி வைத்திருந்தால், அது ஒரு வளாகத்தின் மின்நிலையமாக மட்டும் நின்றிருக்கும்.

கல்லூரி என்பது நாட்டின் மின் நுகர்வில் சிறு பங்கே. அதன் கூரையால் மட்டும் நிலக்கரி நிலையங்கள் மூடப்படப் போவதில்லை. ஆனால், பொறியாளர், வணிகர், அதிகாரி, ஆசிரியர், வாக்காளர் என நாளை நாட்டின் மின்சாரத்தைப் பற்றி முடிவெடுக்கப் போகும் பலரும் ஒரே இடத்தில், ஒரே காலத்தில், கற்கும் மனத்தோடு கூடியிருக்கும் அமைப்பு அதனைப் போல் வேறில்லை. அவர்கள் தம் வளாகத்தின் மின்சாரத்தை ஒருமுறை அளந்து, விவாதித்து, மாற்றிப் பார்த்துவிட்டால், மின்சாரம் எங்கோ யாரோ தீர்மானிப்பது என்னும் எண்ணம் அவர்களிடம் மீண்டும் குடிபுகாது. அத்தகைய குடிமக்களை உருவாக்குவதே கல்விக்கூடம் நாட்டின் ஆற்றல் மாற்றத்துக்குச் செய்யத்தக்க முதற்பணி. அதனைத் தொடங்குவதற்கு எந்தக் கல்லூரியும் புதிய எந்திரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, இம்மாத மின்கட்டணப் பட்டியலை மாணவர் கையில் கொடுத்தாலே போதும்.